செலவில்லாத வெற்றி

"செலவு இல்லைன்னு கோடே சொல்லிருச்சு தம்பி." உடப்புக் கடற்கரையில், கரைவலை வாடிக்குப் பக்கத்தில் நின்று மாமா இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. தீர்ப்பின் கடைசி வரியை யாரோ அவருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறார்கள். 'வழக்குச் செலவு குறித்துக் கட்டளை இல்லை' என்றால் சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். ஜெயித்தாலும் உன் செலவு உன் தலையில்தான் என்பது அதன் பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கம் கொடுத்த சந்தோஷத்தைக் கெடுக்க நான் யார்?

மாமா ஒரு கந்தோரில் லிகிதராக இருந்தவர். பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மருத்துவக் காரணத்துக்காக ஓய்வு கேட்டார். கந்தோரின் நிதானம் மெச்சத்தக்கது. கை வராது என்பதை எழுதித் தரும்படி கேட்டது, எழுதித் தந்தார். கையெழுத்து முன்னைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கை வராது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியத்தைக் கந்தோரைத் தவிர வேறு யார் கண்டுபிடித்திருப்பார்கள்? கண்டுபிடித்துவிட்டு அதையே நிராகரிப்புக்கான காரணமாகவும் எழுதிய பெருந்தன்மைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

நம் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பும் ஒளிவுமறைவு இல்லாதது. ஓய்வூதியத்துக்கு அரச ஊழியருக்கு முழுமையான உரிமை எதுவும் இல்லை என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிடும். வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் வாசலிலேயே "சோறு இல்லை" என்று சொல்லிவிடுகிற நேர்மை இது. அதற்குப் பிறகும் பசியோடு நிற்பவருக்கு 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரை இருக்கிறது. புதுக்கடையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய் எழுத்தாணை கேட்கலாம். பத்துளுஓயாச் சந்திவரை ஓட்டோ, அங்கிருந்து கொழும்பு பஸ். ஒவ்வொரு தவணைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று வாங்கிக்கொண்டு போய் அடுத்த தவணைத் தேதியைக் கேட்டுக்கொண்டு வரலாம். கை விழுந்தவருக்கு இப்படி ஒரு சுற்றுலாவை எந்த நாடு ஒழுங்கு செய்கிறது?

அங்கே எதிர்ப்பக்கத்தில் சட்டமா அதிபர் திணைக்களத்துச் சட்டத்தரணி நிற்பார். அவருக்குச் சம்பளம் வரிப்பணத்திலிருந்து. மாமாவும் சவர்க்காரம் வாங்கும்போதும் போனுக்கு ரீலோட் போடும்போதும் வரி கட்டுகிறார். ஆக இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளுக்கும் காசு கொடுத்தவர் அவரே! ஓர் ஓய்வுபெற்ற லிகிதரை இந்த உயரத்துக்கு ஏற்றிவைத்ததை அரசாங்கம் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அமெரிக்காக்காரருக்கு இந்தப் பக்குவம் போதாது. அதே 1978இல் அவர்கள் சிவில் சேவைச் சீர்திருத்தச் சட்டம் போட்டு, ஜெயித்த ஊழியரின் சட்டத்தரணிக் கட்டணத்தை, நீதியின் பொருட்டு அவசியமானால், அரசு நிறுவனமே கட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். 1980இல் தபால் சேவைக்கு எதிரான ஆலன் வழக்கில் அது எப்போது அவசியம் என்பதற்கு உதாரணங்களும் கொடுத்தார்கள்: ஆதாரமே இல்லாத நடவடிக்கை, கெட்ட எண்ணம், பெரிய நடைமுறைத் தவறு, தோற்போம் என்று தெரிந்தும் வழக்காடியது. ஆனால் அவர்களும் மெல்ல மெல்லத் தேறி வருகிறார்கள். இயலாமை ஓய்வு வழக்கில், மேன்முறையீட்டில் புதிதாகக் காட்டிய மருத்துவச் சான்றால் ஜெயித்தால், முதலில் மறுத்தது அந்த நேரத்துக்குச் சரிதான் என்று கட்டணம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நோயாளி முதலிலேயே இன்னும் கொஞ்சம் தெளிவாக நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்பது கருத்து. இது நம் கந்தோர்களுக்கு எப்போதோ தெரிந்த பாடம்.

எங்கள் கரையில் வலை இழுத்தவனுக்குப் பங்கு உண்டு. கடலே ஏமாற்றி வெறும் வலை வந்தாலும், கயிறு தேய்ந்த காசை இழுத்தவனிடம் சம்மாட்டி கேட்பதில்லை. படிக்காத வழக்கம், மன்னித்துவிடலாம்.

சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதுவும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்ததுதான். வருமானம் குறைந்தவருக்கு உதவும். பல வருடம் அரச சம்பளம் வாங்கியவர் ஏழை என்று நிரூபிக்க இன்னொரு கோவை திறக்க வேண்டும். மாமாவுக்கு ஒரு கோவையே போதும் என்றாகிவிட்டது.

ஜெயித்த மாமாவுக்கு ஓய்வூதிய நிலுவை வந்தது. அதில் பெரும்பகுதி சட்டத்தரணிக்குப் போனது. அப்போதுதான் அந்தக் கடைசி வரியின் பொருள் மாமாவுக்கு விளங்கியது. கோபப்படவில்லை. இப்போது வருடம் ஒரு முறை உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று கேட்டதும் பதறிப்போய் ஓடிவந்தார். "அதுக்கும் புதுக்கடைக்குப் போகணுமா தம்பி?"

"இல்லை மாமா, கிராம அலுவலரிடம் போனால் போதும்."

"கையெழுத்து?"

"இடது கையால போடுங்க."

இடது கையால் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். பழைய கோவையின் பின்பக்கமெல்லாம் அவர் பெயர்தான்.