எரிமலை வாங்கலாமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கடையில் எரிமலை மாடல் ரெடிமேடாகவே கிடைக்கிறது. வாங்கிக் கொடுத்துவிடட்டுமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. எரிமலையைக் கடையில் வாங்கலாம்; ‘இது ஏன் பொங்குகிறது?’ என்று நடுவர் கேட்டால், பதில் எந்தக் கடையிலும் கிடைக்காது!

மகளைத் தெருவுக்கு அனுப்புங்கள். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் அங்கேதான் தொடங்கினார். இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டி ஆறவைப்பதைப் பார்த்தார். ‘ஊருக்கு ஒரு வண்டி என்றாலும் எவ்வளவு கரி, எவ்வளவு புகை!’ என்கிற கவலை பிறந்தது. கூரையில் சூரியத் தகடு பொருத்திய இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணி நேர வெயிலில் ஆறு மணி நேரம் இஸ்திரி போடலாம் என்பது அதன் கணக்கு. 2020-இல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு வந்தது. 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார்.

உங்கள் மகளுக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் அவள் யோசனையைப் பள்ளி மூலம் பதிவு செய்யலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருகிறார்கள். தலைமையாசிரியரை இந்த வாரமே பாருங்கள்.

ஒன்று மட்டும்: ஒயரை அவளே இணைக்கட்டும். பல்பு எரியாவிட்டால் காரணத்தை அவளே தேடட்டும். பரிசு வராமல் போகலாம். தேடிப் பழகிய புத்தி எங்கும் போகாது.