தாது வருஷத்து வெளிநடப்பு

ராயப்பேட்டை மணிக்கூண்டருகே ஆட்டோ பிடித்து "ஸ்டெல்லா மேரிஸ்" என்றால், அண்ணன் மீட்டரைப் பார்ப்பதில்லை. நம்மைத்தான் மேலும் கீழும் பார்ப்பார். இங்கிலீஷ்காரன் விட்டுப்போன காலேஜ், அதனால் சவாரி கொஞ்சம் கூடத் தாங்கும் என்பது அவர் கணக்கு. கணக்கில் ஒரு சின்னப் பிசகு. அதன் பூர்வீகத்தில் இங்கிலீஷ்காரன் யாரும் இல்லை. பிரெஞ்சு பேசிய கன்னியாஸ்திரிகள்தான் இருக்கிறார்கள். கதை தொடங்கிய இடம் மதுரை. காரணம், சண்டை.

கதாநாயகி எலன் தெ ஷாப்போத்தான். 1839-ல் பிரான்சின் நாந்த் நகரில், பெரிய இடத்தில் பிறந்தவர். பெல்ஜியத்துச் சீமாட்டி ஒருவர் தொடங்கிய மரி ரெபராத்ரிஸ் சபையில் சேர்ந்து, 'பாடுகளின் மரியா' என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1865-ல் மதுரை மிஷனுக்கு அனுப்பினார்கள். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் நாலு வருஷம் இருந்தது. அத்தனை தூரம் கடந்து வந்து சேர்ந்தால், வரவேற்க மதுரை வெயில்!

அம்மணி சும்மா இருக்கிற ஜாதி இல்லை. இரண்டே வருஷத்தில், 28 வயதில், மதுரை, திருச்சி, தூத்துக்குடி மடங்களுக்கெல்லாம் தலைவி. சீனியாரிட்டிப் பட்டியலைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய மூத்த சகோதரிகள் யாராவது இருந்திருந்தால், அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார்கள். இது என் ஊகம்தான். ஆனால் ஏதாவது ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு ஆதாரம் தேவைப்படாது.

மிஷனுக்குள் புகைய ஆரம்பித்தது. பக்தி நூல்கள் இந்த இடத்தை மட்டும் நுனிக்காலில் நடந்து கடந்துவிடும். ஏதோ மனஸ்தாபம் என்பதோடு சரி. மனஸ்தாபத்துக்காக யாரும் மலை ஏறுவதில்லை. 1876-ல் எலன் உட்பட இருபது சகோதரிகள் சபையை விட்டே வெளியேறி ஊட்டியில் கூடினார்கள். ஊட்டிக்கு ரயில் வந்தது 1908-ல். ஆக, அத்தனை பேரும் மேட்டுப்பாளையத்துக்கு மேலே ரயில் வாசனையே இல்லாமல் ஏறியிருக்கிறார்கள். கீழே தாது வருஷப் பஞ்சம் ஊரைச் சூறையாடத் தொடங்கியிருந்த நேரம் அது.

ஊட்டியைத் தேர்ந்தெடுத்தது குளிருக்காக என்று நினைத்தால் நீங்கள் அரசியலுக்கு லாயக்கில்லை. மதுரை மிஷன் சேசு சபையின் கோட்டை. ஊட்டியோ கோவை ஆயர் ஜோசப் பார்துவின் எல்லை. அவர் பாரிஸ் மிஷன்காரர். எல்லை தாண்டினால் அதிகாரி வேறு! கட்சி உடைத்துப் பழகிய தமிழ்நாட்டில் இந்தச் சூத்திரத்தை விளக்கத் தேவையில்லை.

அடுத்து, மேலிடம். எலன் மூன்று தோழிகளோடு நேரே ரோமுக்குக் கப்பலேறினார். 1877 ஜனவரி 6-ல் போப் ஒன்பதாம் பயஸ் தனிச் சபைக்கே அனுமதி கொடுத்துவிட்டார். அதுதான் பிறகு மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை ஆனது. நம்மூரில் எஃப்.எம்.எம். சிஸ்டர்ஸ் என்றால் தெரியும்.

கதை முடியவில்லை. 1883-ல் சொந்தச் சபையிலேயே அவரைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள். தொடங்கியவரையே வெளியே நிறுத்துகிற கலையும் நமக்குப் புதிதல்ல. விசாரணை நடந்தது, குற்றம் ஒன்றும் இல்லையென்று 1884-ல் நாற்காலி திரும்பி வந்தது. 1904-ல் இத்தாலியின் சான் ரெமோவில் இறந்தபோது அவர் பின்னால் இரண்டாயிரத்துச் சொச்சம் சகோதரிகள், 86 மடங்கள். மலையேறிய கோஷ்டியில் இருந்தவர்கள் இருபது பேர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இந்தச் சபைதான் மயிலாப்பூரில் ஒரு சின்னக் கட்டடத்தில் 32 மாணவிகளோடு ஸ்டெல்லா மேரிஸைத் தொடங்கியது. நாள், 1947 ஆகஸ்ட் 15. வெள்ளைக்காரன் கப்பலேறிய அன்றைக்குக் கடை திறந்தவர்களை வெள்ளைக்காரன் விட்டுப்போனவர்கள் என்று சொல்ல நம்மால்தான் முடியும். 1960-ல் கதீட்ரல் ரோட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த வழியாகப் போகும் 29சி பஸ்ஸுக்கும் ஒரு கௌரவம் வந்தது.

எலனுக்கு 2002 அக்டோபர் 20-ல் போப் இரண்டாம் ஜான் பால் அருளாளர் பட்டம் கொடுத்தார். தமிழ்நாட்டில் வெளிநடப்புச் செய்தவர்கள் எத்தனையோ பேர். பீடம் வரை போய்ச் சேர்ந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.