தட்டையான கணக்கு

விளம்பரத்தில் 'நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் பத்தே செக்கன்' என்கிறார்கள். என் காருக்கு மட்டும் ஏன் வருவதில்லை?
*- வாசகர், பூனாகலை*

பூனாகலை வளைவில் நூறு வந்துவிட்டால் எங்கே போவதாக உத்தேசம்? நகருக்கு வெளியே சட்டம் தருவதே 70தான். அவர்கள் அளப்பது தட்டையான தரையில், பெரும்பாலும் ஓட்டுநரை மட்டும் ஏற்றிக்கொண்டு. நீங்கள் ஏற்றுவதோ அம்மா, அத்தை, மரக்கறி மூட்டை. போதாததற்கு மலை வேறு: ஆயிரம் மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சினின் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

டெஸ்லா ப்ளெய்டு மணிக்கு 60 மைல் வேகத்தை 1.99 செக்கனில் எட்டுகிறதாமே, நிஜமா?

நிஜம்தான், முதல் ஓர் அடியைக் கணக்கில் சேர்க்காவிட்டால். கார் அந்த அடியைத் தாண்டிய பிறகே கடிகாரம் ஓடும். அமெரிக்கப் பந்தயத் திடல் வழக்கம். கொழுந்து நிறுக்கையில் இரண்டு கிலோ கழிப்பது போலத்தான். இரண்டிலும் இலாபம் கம்பெனிக்கே.

இலங்கையில் மிக மெதுவாக வேகமெடுத்த கார்?

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி விட்டது 2025 பெப்ரவரியில். சைபரிலேயே ஏறக்குறைய ஐந்து வருடம்!