இணையவாசல் திருவடிக்கு ஒரு புகழ்மாலை

பேரறிவுக் களஞ்சியம், பொறுமையைப் போதிக்கும் பரமகுரு, ஆராய்ச்சி நிதி வழங்கும் மேதகு இணையவாசல் அவர்களின் பெருமையைப் பாட ஆயிரம் நாவு வேண்டும். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது நம் மரபில் இல்லையாதலால், அவர்களின் திருநாமத்தை இங்கே குறிப்பிடவில்லை. மைசூர் அரண்மனை தர்பாரின் பகட்டு இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அங்கே மனுவோடு போனவன் வாயிற்காவலனின் முகத்தையாவது பார்த்துவிட முடிந்தது. நம் இணையவாசல் அவர்களிடம் அந்தக் குறை கிடையாது. முகம் இல்லை, குரல் இல்லை, உருவம் இல்லை. உதவி எண் ஒன்று உண்டு. மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுப்பார் இல்லை. ஆதியும் அந்தமும் இல்லாத அந்த மணியோசையே ஓங்காரம் என்று தெளிந்தவர்கள் பாக்கியவான்கள்.

அவர்களின் அருள் கொள்ளேகால் வரை பாய்ந்த கதையைக் கேளுங்கள். கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகால் பட்டு நூலின் ஊர். சுற்றுப்புறக் கிராமங்களில் மல்பெரித் தோட்டமும் புழு வளர்ப்பு மனையும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு. அங்கே கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் ஓர் ஆசிரியைக்கு விபரீதமான ஓர் ஆசை பிறந்தது. ஊசி ஈயைப் பற்றி ஆராய வேண்டுமாம்! இந்த ஈ பட்டுப்புழுவின் தோலில் முட்டையிடும். பொரிந்து வரும் குடம்பி புழுவுக்குள் துளைத்துப் போகும். போன இடத்தில் கரும்புள்ளி விழும். புழு ஒருவழியாகக் கூடு கட்டினாலும், குடம்பி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது. எந்த மாதத்தில் எந்த ஊரில் ஈ பெருகுகிறது, எப்படிப்பட்ட மனையில் புழு தப்புகிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துக் குறித்துவைத்தால் விவசாயிக்கு உதவும் என்று அந்த அம்மாள் நினைத்தார். இவ்வளவு எளிமையான, இவ்வளவு உபயோகமான, இவ்வளவு செலவு குறைந்த எண்ணத்தோடு ஒருவர் தம்மை அணுகத் துணிந்ததை இணையவாசல் அவர்கள் பொறுத்துக்கொண்டதே பெருந்தன்மை.

முதல் வரம், வாசல்களின் எண்ணிக்கை. அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கு ஒரு வாசல், உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு ஒரு வாசல், மருத்துவ ஆராய்ச்சிக்கான ஐ.சி.எம்.ஆருக்கு ஒரு வாசல், சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கான ஐ.சி.எஸ்.எஸ்.ஆருக்கு ஒரு வாசல். ஒவ்வொன்றிலும் புதிதாகப் பதிவு, புதிய கடவுச்சொல், ஒரே தன்விவரத்தைப் புதுப்புது அச்சில் வார்க்கும் பேறு. ஒரு வாசலில் சொன்னதை அடுத்த வாசலுக்குச் சொல்லாத இந்த ரகசியக் காப்பை ராஜதந்திரம் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்தது அவர்களின் சரித்திர ஞானம். ஆசிரியை முகவரியை நிரப்பியபோது, மாவட்டப் பட்டியலில் கொள்ளேகால் மைசூரின் கீழ் இருந்தது. சாமராஜநகர் தனி மாவட்டமாகி, கொள்ளேகால் அதற்குள் போனது 1997-இல். அற்ப மனிதர்கள் நேற்றைய அரசாணைகளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். இணையவாசல் அவர்கள் அப்படி அவசரப்படுகிறவர்கள் அல்லர். 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரியும் வரை இந்தத் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தக் காலம் வரை பின்னோக்கிப் போகாமல் மைசூரோடு நின்றுகொண்டது அவர்களின் அடக்கம். கல்லூரியின் சான்றிதழில் சாமராஜநகர் என்றும் படிவத்தில் மைசூர் என்றும் இருந்ததால் ‘விவரங்கள் பொருந்தவில்லை’ என்று சிவப்பு எழுத்தில் அருள்வாக்கு வந்தது. தம் பிழையையே பிறர் பிழையாகக் கண்டு திருத்த முனையும் நல்லாசிரியர் வேறு எங்கே கிடைப்பார்?

அவர்களின் தகுதி பார்க்கும் திறனையும் வியக்காமல் இருக்க முடியாது. ‘உயர்ந்தபட்சக் கல்வித் தகுதி’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு யாரும் போக முடியாது. பழங்காலத்தில் இந்தக் கண்டிப்பு இல்லாததால் என்னென்ன விபரீதம் நடந்தது! 1913 ஜனவரியில் மதராஸ் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா ஒருவர், கல்லூரி இடைநிலைத் தேர்வான எஃப்.ஏ.வில்கூடத் தேறாதவர், கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கையால் எழுதிய தேற்றங்களை அனுப்பிவைத்தார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகமும் சற்றும் பொறுப்பில்லாமல், பட்டமே இல்லாத அந்த ஆளுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்துவிட்டது. பெயர் ராமானுஜன். அன்று நம் இணையவாசல் அவர்கள் இருந்திருந்தால், முதல் பக்கத்திலேயே அந்தக் குமாஸ்தாவைத் தடுத்து நிறுத்திக் கணித உலகத்தைக் காப்பாற்றியிருப்பார்கள்.

இனி சான்றிதழ் வைபவம். கல்லூரித் தலைவரின் ஒப்புதல் கடிதத்தை அச்சிட வேண்டும். பிரின்சிபால் பச்சை மையில் கையெழுத்திட்டு, வட்ட முத்திரை குத்த வேண்டும். அதை ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். ஆக்கி, அப்லோட் செய்ய வேண்டும். கோப்பு பெரிதாக இருந்தால் ஏற்கப்படாது. சுருக்கினால் முத்திரை கரைந்துபோய், ‘தெளிவாக இல்லை’ என்று திரும்பி வரும். பெரிதுக்கும் தெளிவின்மைக்கும் நடுவில் தலைமுடி அகலத்துக்கு ஒரு பாதை உண்டு. அதைக் கண்டுபிடித்த ஞானி கொள்ளேகாலில் ஒரே ஒருவர், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பையன். அவனுக்கு ஊசி ஈயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விண்ணப்பத்தின் தலைவிதி அவன் கையில். நிபுணத்துவம் எங்கே இருக்க வேண்டும் என்பதை இணையவாசல் அவர்கள் இவ்வளவு அழகாக மாற்றி அமைத்திருக்கிறார்கள்.

நிதி மதிப்பீட்டுப் பக்கத்தில் அவர்களின் கணித விளையாட்டைக் கண்டு மெய்சிலிர்க்கும். ஒரு கட்டத்தில் தொகை ரூபாயில் வேண்டும், அடுத்த கட்டத்தில் லட்சத்தில் வேண்டும், கூட்டல் மட்டும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். ஒரு நுண்ணோக்கிக்கு மூன்று கம்பெனிகளின் விலைப்புள்ளி தேவை. ஆசிரியை முக்கியமாகக் கேட்டது, கிராமங்களுக்குப் போய்வர பஸ் செலவு. வயலைப் பார்க்கும் ஆராய்ச்சியில் வயலுக்குப் போகும் செலவுதான் பெரிது என்பதைப் படிவம் ஒப்புக்கொள்ளவில்லை. பயணத்துக்கு அது உச்சவரம்பு வைத்திருந்தது. ஈயை வீட்டிலிருந்தபடியே தியானத்தில் காணலாம் என்ற உயர்ந்த தத்துவம் அதில் அடங்கியிருக்கிறது.

கடைசி நாள் மாலை, தரிசனத்தின் உச்சம். நாடு முழுவதும் பக்தர்கள் ஒரே நேரத்தில் முட்டுவார்கள் என்று தெரிந்தே, சர்வர் அவர்கள் மெல்ல மெல்ல அசைந்து வந்தார்கள். பத்து பக்கம் நிரப்பி முடித்துச் ‘சேமி’ என்று அழுத்தியபோது, ‘உங்கள் நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழைக’ என்றார்கள். பற்றறுக்கச் சொல்லித்தர இதைவிடச் சுருக்கமான உபதேசம் எந்த மடத்திலும் கிடையாது. ஓ.டி.பி. காலாவதியான பிறகே கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. அந்நேரம் பார்த்துக் கரண்ட்டும் போனது. கொள்ளேகாலுக்குப் பக்கத்துச் சிவனசமுத்திரத்திலிருந்துதான் 1902-இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போயிற்று. ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தான் இருட்டில் இருக்கும் இந்த மண்ணின் தியாகத்தை, கடைசித் தேதியில் சோதித்துப் பார்த்த நுட்பத்தை என்னவென்பது!

நம் நாட்டுக்கு மட்டுமே உரிய பெருமை இது என்று மமதை கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் 2005 இறுதியில் மருத்துவ ஆராய்ச்சி விண்ணப்பங்களை மின்வழிக்கு மாற்றத் தொடங்கியபோது, அன்றைய படிவ மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். ஆப்பிள் கணினிக்காரர்கள் சுற்றுவழி தேடினார்கள். ஆஸ்திரேலியாவில் 2012-ஆம் ஆண்டின் மிகப் பெரிய மருத்துவ ஆராய்ச்சி நிதிக்கு 3,727 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றைத் தயாரிக்க ஆராய்ச்சியாளர்கள் செலவழித்த நேரத்தை ஒன்றாகச் சேர்த்தால் ஏறக்குறைய 550 வேலை ஆண்டுகள். ஐந்தில் நான்கு பங்கு விண்ணப்பங்களுக்குப் பணம் கிடைக்கவில்லை. ஐந்நூற்றைம்பது ஆண்டு மனித அறிவை ஒரே வருடத்தில் ஆகுதியாக்கிய அந்த யாகத்துக்கு முன்னால் அசுவமேதம் எம்மாத்திரம்!

நம்மிடமும் யாகசாலை தயாராகத்தான் இருக்கிறது. 2023-இல் சட்டமியற்றி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அமைந்தது. ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள், அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்றும் சொன்னார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாத தொகையை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நம் சிக்கனம் உலகறிந்தது. கொடுப்பது கொஞ்சமாக இருந்தால் கேட்பதைக் கடினமாக்க வேண்டும் என்ற அறநெறியை இணையவாசல் அவர்கள் குறைவில்லாமல் காத்து வருகிறார்கள்.

விண்ணப்பம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. மின்னணு முறை என்பதால், அதையே அச்சிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு, விரைவு அஞ்சலிலும் அனுப்பச் சொன்னார்கள். காகிதத்தை மிச்சப்படுத்தப் பிறந்த முறை, காகிதத்தின் மேல் வைத்திருக்கும் மரியாதையைப் பாருங்கள்! அதன்பின் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரி திரையில் நிலைகொண்டது. பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்துக் கூடு கட்டக் கிட்டத்தட்ட ஒரு மாதம் போதும். இணையவாசல் அவர்கள் அந்த அற்ப ஜீவனைப் போலப் பரபரப்பவர்கள் அல்லர். மழைக்காலம் வந்து போயிற்று, ஈ வந்து போயிற்று, சந்தைக்குப் போன துளைக்கூடுகளைத் தள்ளுபடி விலைக்குத் தள்ளிவிட்டு விவசாயிகளும் வீடு திரும்பினார்கள். அந்த ஒற்றை வரி மட்டும் அசையவில்லை.

நிதி யாருக்குப் போய்ச் சேரும் என்பதிலும் அவர்களின் நடுவுநிலைமை பிறழாது. விண்ணப்பம் எழுதவே தனி அலுவலகம், கணக்குப் பார்க்கத் தனி ஆள், தடையில்லா மின்சாரம் எல்லாம் வைத்திருக்கும் பெருநகர நிறுவனங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. இல்லாதவருக்கும் அதே படிவம், அதே கடைசித் தேதி. வாரம் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு இரவில் படிவம் நிரப்பும் தாலுகா ஆசிரியைக்கு இதைவிடச் சமத்துவம் யார் தரமுடியும்? அவர் இனி விண்ணப்பிக்கப் போவதில்லை என்று கேள்வி. கேட்பவரே இல்லாத நிலையில் எவருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியிராது; கர்ணனுக்கும் வாய்க்காத புகழ் இது.

ஆகவே வாழ்க இணையவாசல்! வாழ்க அவர்களின் சிவப்பு எழுத்து! வளர்க உச்சவரம்பு, பெருகுக சான்றிதழ்! 1980-இல் வங்காளத்திலிருந்து கர்நாடகத்துக்குள் வந்தபோது ஒரு படிவமும் நிரப்பாமல், எவரிடமும் ஒப்புதல் கேட்காமல் புழு மனைகளில் குடியேறிய ஊசி ஈயும், தன்னை ஆராய வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்த இந்தப் பெருமகனாரின் நிழலில், புத்திர பௌத்திர பரம்பரையாக நீடூழி வாழ்க!