நாற்பதில் நர்ஸ் ஆகலாமா?

கே: வயது 38. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இனி நர்ஸ் படிக்கலாமா?
- வாசகி, திருமங்கலம்

ப: ஆசைக்கு வயது வரம்பு இல்லை, ஜி.என்.எம். என்ற நர்சிங் படிப்புக்கு இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி 17 நிரம்பியிருக்க வேண்டும், 35 தாண்டக் கூடாது. பிளஸ் டூவில் எந்தப் பாடம் எடுத்தவரும் சேரலாம் என்று தாராளம் காட்டுகிற விதி, வயது விஷயத்தில் மட்டும் ஹாஸ்டல் வார்டன் மாதிரி விறைத்துக்கொள்கிறது. மாமியாருக்கு இன்சுலின் போட்டது, அப்பாவின் படுக்கைப் புண்ணைத் துடைத்துக் கட்டியது எதுவும் கணக்கில் வராது. வந்தால் உங்கள் தெருவில் பாதிப் பேர் ஹெட் நர்ஸ். இந்த 35-ஐத் தளர்த்தினால் ஆஸ்பத்திரிகளுக்குத்தான் லாபம் என்பது என் கட்சி. சலுகை ஏதும் உண்டா என்று இந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கே: ‘ஆறே மாதத்தில் நர்ஸ்’ என்று பஸ் ஸ்டாண்டில் போஸ்டர். சேரட்டுமா?
- வாசகி, உசிலம்பட்டி

ப: போனதும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “முடித்தால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யலாமா?” ஏ.சி. ரூமைக் காட்டுவார்கள், பழைய மாணவிகளின் போட்டோவைக் காட்டுவார்கள், டீ வரும், பதில் வராது. 1926-லேயே சட்டம் போட்டு நர்ஸ்களுக்குப் பதிவேடு திறந்த மாகாணம் இது. ஜி.என்.எம்.மே மூன்று வருடம். வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி என்று உள்ளதைச் சொல்லிக் கற்றுக்கொடுத்தால் தாராளமாகச் சேருங்கள். அதுவும் கௌரவமான வேலைதான்.

கே: நாற்பதைத் தாண்டியவளுக்குச் சுகாதாரத் துறையில் வாசலே கிடையாதா?
- வாசகி, மேலூர்

ப: பக்கவாசல் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்கு மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்க வேண்டும். “எனக்கு ஒண்ணுமில்லத்தா” என்று கையை நீட்ட மறுக்கும் பெரியவரைத் திண்ணையில் உட்காரவைத்து, சட்டையை மடித்துப் பட்டையைச் சுற்றி, 170 என்று காட்டியதும் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! இருபது வயதுப் பெண் சொன்னால் சிரிப்பார்; உங்களிடம் செல்லாது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஏ.என்.எம். என்ற துணை செவிலியர் பயிற்சி கொடுத்துக் கிராம சுகாதார செவிலியராக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் உண்டு. சமவெளியில் அவர் பொறுப்பிலுள்ள ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாவது வார ஊசிக்கு அழுகிற பிள்ளையைவிட, “காய்ச்சல் வருமாமே” என்று வாசலில் மறித்து நிற்கும் பாட்டியைச் சமாளிப்பதுதான் பாடு. அதற்குப் பிள்ளை வளர்த்தவள் வேண்டும்.

கே: எனக்கு 43. தறி வேலை. ஆஸ்பத்திரி வேலைக்குப் போகலாம் என்றால், “ஆம்பளை நர்ஸா?” என்று சிரிக்கிறாள் மனைவி.
- வாசகர், செல்லூர்

ப: அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனுக்கும் அப்போது 43. உள்நாட்டுப் போரில் அடிபட்ட தம்பியைத் தேடி 1862 டிசம்பரில் போனவர், வாஷிங்டன் ராணுவ மருத்துவமனைகளிலேயே தங்கிவிட்டார். பட்டமும் பதிவும் கிடையாது. காயம்பட்டவர்களுக்குப் பழம் கொடுத்தார், வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார். அவரிடம் யாரும் பிளஸ் டூ மார்க் கேட்கவில்லை, உங்களிடம் கேட்பார்கள். ஆனால் வார்டில் நோயாளியைத் தூக்கி உட்காரவைக்க, ஆண் நோயாளியைக் குளிப்பாட்ட ஆள் தேடி அலைகிறார்கள் என்பதை வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்.

கே: ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியவர் நம்மூரில் யாராவது?
- வாசகர், ஒத்தக்கடை

ப: மதுரை அண்ணா நகர்ப் பக்கம் போயிருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி பிரசவ மருத்துவராக வர நினைத்தவர். முடக்குவாதம் விரல்களை வளைத்துவிட, கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரலாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். அரசு வேலையில் ஓய்வு பெற்றபின், 58 வயதில், 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆனால் அதைத் தாங்கியவர்கள் பிளஸ் டூ முடித்த கையோடு வந்து இரண்டு வருடப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். நிறுவனருக்கு 58, ஊழியருக்கு 18. நடுவயசுக்காரர்கள்தான் அங்கேயும் விடுபட்டார்கள்.

கே: சேவைதானே, சம்பளம் கேட்கலாமா?
- வாசகி, வாடிப்பட்டி

ப: 2015-ல் தேர்வெழுதி அரசு வேலைக்கு வந்த நர்ஸ்களுக்கே தொகுப்பூதியம் அப்போது மாதம் 7,700 ரூபாயாகத்தான் இருந்தது. 2017-ல் சென்னையில் உட்கார்ந்து போராடினார்கள். சேருவதற்கு முன்பே கேளுங்கள், எழுதியும் வாங்குங்கள்.