முப்பத்திரண்டு கூட்டச் சொன்ன புண்ணியவான்

1701 ஆகஸ்ட் 14. பால்டிக் கடலோரத்து டான்ஸிக் நகரில் ஒரு வியாபாரி வீட்டில் காளான் சமைத்தார்கள். அது சமைக்கக்கூடாத காளான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். மூத்த பையன் டேனியல் காப்ரியேல் ஃபாரன்ஹீட்டுக்கு அப்போது வயது 15. அன்றைக்கு அந்த வீட்டில் கஞ்சியோ கூழோ குடித்திருந்தால், ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு, 32 கூட்டு என்ற பாவம் நம் தலையில் விழுந்திருக்காது.

பையனை ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பி வியாபாரம் பழகச் சொன்னார்கள் காப்பாளர்கள். அவனுக்கோ பேரேட்டில் மனம் ஒட்டவில்லை. கண்ணாடிக் குழாயும் அதில் ஏறி இறங்கும் திரவமும்தான் உலகம். ஒரு நாள் ஓடிவிட்டான். பிடித்துக் கப்பலேற்றிக் கீழைத்தேசத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று காப்பாளர்கள் ஏற்பாடு செய்தார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் அப்போது நாகப்பட்டினமும் இருந்தது. அங்கே வந்து இறங்கியிருந்தால் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு பூஜ்யத்தை எங்கே வைத்திருப்பான் என்று நினைத்தாலே வியர்க்கிறது.

தேடப்படுகிறவன் எங்கே போகக்கூடாதோ அங்கேதான் போனான். 1708இல் கோபன்ஹேகனில் ஓலே ரோமரைப் பார்த்தான். ஒளிக்கும் வேகம் உண்டு என்று உலகுக்குச் சொன்ன விஞ்ஞானி அவர்; அந்த ஊர்ப் போலீஸ் தலைவரும் அவரே. விலங்கு மாட்டுவதற்குப் பதில் மனிதர் தன் தெர்மாமீட்டரைக் காட்டினார். அதில் பனிக்கட்டி உருகும் இடம் ஏழரை, உடம்புச் சூடு இருபத்திரண்டரை.

ஏழரை என்றாலே நமக்கு எள்ளுத் தீபம் ஞாபகம் வரும். ஃபாரன்ஹீட்டுக்குச் சனி பயம் இல்லை, அரைதான் பிடிக்கவில்லை. பின்னம் அசிங்கம் என்று எல்லாவற்றையும் நான்கால் பெருக்கினார். 30, 90 வந்தது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். 32, 96 என்று மறுபடி நகர்த்தினார். இரண்டுக்கும் நடுவில் 64 வந்தால் பாதி, பாதியில் பாதி என்று ஆறு தடவை பிரித்துச் சுலபமாகக் கோடு போடலாமாம். பனியும் தண்ணீரும் நவச்சாரமும் கலந்த கலவைக்குப் பூஜ்யம். ஆரோக்கியமான ஆளின் வாய்க்கோ அக்குளுக்கோ 96. கோடு போடுகிறவரின் சௌகரியம் 1724இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அச்சேறி அறிவியலாகிவிட்டது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கைவேலையில் மனிதர் சூரர். அவர் செய்த இரண்டு பாதரசத் தெர்மாமீட்டர்களை ஒரே தண்ணீரில் போட்டால் இரண்டும் ஒரே பேச்சுப் பேசும். அந்தக் காலத்தில் அது அதிசயம். அளவு கோணலாக இருந்தும் உலகம் வாங்கிக்கொண்டது அதனால்தான். பிற்பாடு கொதிநீருக்கு 212 என்று ஆணியடித்ததில் உடம்புச் சூடு 98 சொச்சத்துக்குப் போனது. ஆளுக்குக் காய்ச்சல் இல்லை, கோடுதான் நகர்ந்தது.

காளான் சம்பவம் நடந்த அதே 1701இல் ஸ்வீடனில் பிறந்தவர் ஆண்டர்ஸ் செல்சியஸ். உப்சாலாவில் வானியல் பேராசிரியர். 1742இல் அழகாக நூறு படி வைத்தார், தலைகீழாக. கொதிக்கும் தண்ணீர் 0, உறையும் தண்ணீர் 100. அந்த ஊர்க் குளிரில் தினமும் கழித்தல் குறி போடாமல் தப்பிக்கத்தான் என்று அவருக்காகச் சமாதானம் சொல்பவர்கள் உண்டு. 2003 மே மாதம் சென்னை 45 டிகிரியில் வெந்ததே, அவர் கணக்கில் அது 55. வெயில் ஏற ஏற எண் இறங்கும். மாநகராட்சிக்கு ரொம்பப் பிடித்திருக்கும். 1744இல் காசநோயில் அவர் காலமானதும் ஸ்வீடனில் குழாயை நேராக நிமிர்த்தினார்கள். நிமிர்த்தியவன் நான்தான் என்றார் செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த லினேயஸ். பிரான்சின் லியோன் நகரத்து கிறிஸ்டின் 1743இலேயே நேரான அளவு போட்டிருந்தார் என்பது வேறு கதை.

நாம் என்ன செய்தோம்? இரண்டு பேரையும் வைத்துக்கொண்டோம். 1956இல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது. வானிலை மையம் ஒழுங்காக செல்சியஸில் அறிக்கை கொடுக்கிறது. நம் பத்திரிகைகள் அதை ஃபாரன்ஹீட்டாக்கி ‘வேலூரில் வெயில் சதம்’ என்று போடுகின்றன. 37.8 என்று போட்டால் யார் விசிறியைத் தேடுவார்கள்? காய்ச்சலும் நூற்றிரண்டு என்றால்தான் லீவு கிடைக்கும். ஏசி மட்டும் செல்சியஸ். 2020இலிருந்து புது ஏசியைப் போட்டதும் 24இல் நிற்க வேண்டும் என்பது அரசு விதி. புலம்ப ஃபாரன்ஹீட், சொகுசுக்கு செல்சியஸ்.

சிக்கல் வருவது போனில். ஜெர்மனியிலிருந்து மகள் பதறுகிறாள்: “அம்மா, குழந்தைக்கு 39 இருக்கு!” மதுரையில் அம்மா, “முப்பத்தொன்பதா? அது காய்ச்சலே இல்லடி, துணிய நல்லாப் போர்த்திவிடு” என்கிறாள். பக்கத்தில் பேப்பர் படிக்கும் அப்பாவுக்கு மனக்கணக்கு தெரியும். சரியான வழி, இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்டுவது: 78, அதில் 7.8 போக 70.2, கூட்டினால் 102.2. மாத்திரையும் ஈரத்துணியும் போதும். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்தது இரட்டித்து 30 கூட்டும் குறுக்குவழி. குளிர்தேசத்து வானிலைக்கு அது பரவாயில்லை. 39-க்குப் போட்டால் 108 வரும். மனிதர் அலறிக்கொண்டு எழுந்து, வந்த விடையையே போனில் அழுத்திவிட்டார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, மதுரை வீட்டுக்கு.