மேற்படிப்பு மகாத்மியம்

பி.எஸ்சி. நர்சிங் முடித்த பெண் அடுத்து என்ன படிப்பது என்று காரைக்குடியில் திண்டாடத் தேவையில்லை. கொப்புடையம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு பேர் வழி சொல்லிவிடுவார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன சீமை. எந்தப் பட்டத்தில் லாபம் என்று எங்களுக்கா தெரியாது?

"எம்.எஸ்சி. போடு ஆத்தா, டீச்சிங்ல உக்காந்துரலாம். நைட் டூட்டி கிடையாது" என்கிறார் பெரியப்பா. என்ன தீர்க்கதரிசனம்! மேற்படிப்பையே அவரைக் கேட்டுத்தான் வகுத்தார்களோ என்னவோ. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பட்டம் வாங்கி ஒரு வருஷம் வேலை பார்த்திருந்தால் எம்.எஸ்சி.யில் சேரலாம், படிப்பு இரண்டு வருஷம். ஒரு வருஷம் நோயாளியைத் தொட்டவர், எப்படித் தொடவேண்டும் என்று மீதி ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தலாம். சிக்கனத்துக்குப் பேர்போன ஊரில்கூட இப்படியொரு சிக்கனத்தை நான் கண்டதில்லை.

பிரிவு ஐந்து உண்டு. மகப்பேறு என்றால் வீட்டில் எல்லா முகமும் மலரும். மனநலம் என்றால் "மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்றது?" என்பார்கள். நியாயம்தானே? அந்த நோயெல்லாம் நம் குடும்பங்களுக்கு வராது. வந்தாலும் வீட்டின் இரண்டாம் கட்டில் பூட்டிவைக்க அறைக்கா பஞ்சம்?

தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைக் கவுன்சில் கொண்டுவந்து பத்தாண்டு ஆகப்போகிறது. படுக்கையருகிலேயே நின்று படிப்பது. அதற்குரிய பதவியைப் பரவலாக உண்டாக்காமல் பொறுமை காக்கிறார்களே, அந்தப் பொறுமை யாருக்கு வரும்? அவசரப்பட்டு உண்டாக்கினால், படித்தவள் வார்டிலேயே தங்கிவிடும் ஆபத்து இருக்கிறதே.

அரசின் கருணையைச் சொல்லாமல் விடலாமா? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்து, பற்றற்ற வாழ்வைப் பழக்கியது. பக்குவம் போதாத சிலர் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். தனியாரும் சளைத்தவர்கள் அல்ல. உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லி அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரைமேல் பல நிர்வாகங்களுக்கு அபார மரியாதை. மரியாதைக்குரியதை எடுத்துப் புழங்கலாமா?

ஆகவே தங்கச்சி, பெரியவர்கள் சொல்படி எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்துவிடு. இல்லை, நோயாளி பக்கத்தில்தான் நிற்பேன் என்ற பிடிவாதம் இன்னும் இருந்தால், ஜெர்மன் வகுப்பில் சேர். பி2 நிலை தேறி ஜெர்மனி போனால், அங்கே படுக்கையருகில் நிற்பதற்கே சம்பளம் தருகிறார்கள்.